மருமகள் செய்த பல்லும் மாமனார் ஜெயித்த விவாதமும்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நலம் என்று ஆரம்பித்தால் முதல் வரியே பொய்யாகிவிடும். ஆகையால் உடம்பு மட்டும் நலம் என்று அறியவும். அத்தானின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நீ என்னைப் பேச விட்டதே இல்லையே! விஷயத்துக்கு வருகிறேன். உன் மாடி அறையில் கிடக்கும் தையல் மெஷினையும் அத்தானின் உடைந்த ரேடியோக்களையும் ஓரம் கட்டி, ஒரு கட்டில் போட இடம் செய்து வை. அடுத்த வாரம் பெட்டியோடு வந்து இறங்குகிறேன். என் மருமகள் என்னைப் போகச் சொல்லிவிட்டாள். வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிட்டாள்.

நான் ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாகக் கிடந்தவனுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்? வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரி எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். அவள் போன பிறகு மகனோடு வந்து ஒட்டிக்கொண்டேன். மருமகளுக்கு நம் பாஷை தெரியாது, எனக்கு இந்த ஊர் பாஷை தெரியாது. நடுவில் நின்று சொல்லிக்கொடுத்த மகனையும் கம்பெனிக்காரர்கள் வெளியூர் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நானும் அவளும் கையாலும் தலையாலும்தான் குடித்தனம் நடத்தினோம். டீ வேண்டுமா என்பதற்கு டம்ளரைத் தூக்கிக் காட்டுவாள். நான் தலையை எந்தப் பக்கம் ஆட்டினாலும் டீ வந்துவிடும். தங்கமான பெண், அக்கா. பல் லேபில் வேலை பார்க்கிறாள், பல் செட் செய்வதுதான் அவள் தொழில். இப்போது என் வாயில் இருப்பதே அவள் செய்த பல்தான். அவளிடம் நேருக்கு நேர் நாலு வார்த்தை பேச வேண்டும் என்ற ஆசையில் மொழி வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் வம்பு ஆரம்பம்.

சலவைக் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. டீச்சர் சின்னப் பெண். "புத்தகத்தை மூடுங்க, வாயைத் திறங்க" என்பது அவள் கொள்கை. (இந்த ஊர்க்காரர்கள் பேசுவதையெல்லாம் நம் பேச்சில் எழுதுகிறேன்.) எங்களை இரண்டு அணியாக எதிரெதிரே உட்கார வைப்பாள். ஒரு தலைப்பைச் சொல்லிச் சீட்டு டப்பாவைக் குலுக்குவாள். சீட்டில் எந்தக் கட்சி வந்ததோ அதைத்தான் பேச வேண்டும், மனசில் இருப்பது வேறாக இருந்தாலும். நேரம் முடிந்ததும் மணி அடிப்பாள். சில நாள், பேசி முடித்ததும் நாற்காலி மாறி உட்கார்ந்து, சொன்னதையே மறுத்துப் பேசச் சொல்லுவாள். பூனையைக் கண்டாலே தும்முகிற நான், நாயைவிடப் பூனையே மேல் என்று தும்மிக்கொண்டே வாதாடியிருக்கிறேன்.

இதில் ஒரு கோளாறு. விவாதத்தில் கற்ற பேச்சு விவாதத்துக்குத்தான் ஆகிறது. உப்பு எங்கே என்று கேட்க எனக்கு இன்னும் வராது. "எதிரணி நண்பரின் வாதத்தை வன்மையாக மறுக்கிறேன்" என்பது தூக்கத்தில்கூட வரும். ஒருநாள் மருமகள் டம்ளரைத் தூக்கிக் காட்டியபோது எழுந்து நின்று, "இதை இரண்டு கோணத்திலும் பார்க்க வேண்டும்" என்றேன். பாவம், டம்ளரை எல்லாக் கோணத்திலும் திருப்பிப் பார்த்துவிட்டு, மறுபடியும் கழுவிக்கொண்டு வந்தாள்.

அப்புறம் வந்ததே ஒரு தலைப்பு! வயதானவர்கள் பிள்ளைகளோடு இருப்பது நல்லதா, தனியாக இருப்பது நல்லதா? என் சீட்டில் 'தனியாக' என்று வந்தது. என் அணியில் ஒரு டாக்ஸிக்காரர், ஒரு தையல்காரம்மா. என்னால் ஏற்கெனவே பல தடவை தோற்ற புண்ணியவான்கள். தையல்காரம்மா சொன்னார்: "சார், உங்க வீட்டுக் கதையையே எடுத்து விடுங்க. சொந்தக் கதைன்னாத்தான் எடுபடும்."

"எங்க வீட்டுல குறையே இல்லையேம்மா."

"இல்லாட்டி என்ன? நல்லதையே திருப்பிப் போட்டுப் பேசுங்க. எவ்வளவு நல்ல சட்டையா இருந்தாலும் திருப்பிப் போட்டா நூல் தொங்கத்தான் செய்யும்."

திருப்பிப் போட்டேன், அக்கா. டீ ஆறாமல் இருக்க அவள் மூடி போட்டு வைப்பாளே, அது "குடிக்கிற டீயைக்கூட மூடி மறைக்கிறார்கள்!" என்று ஆயிற்று. நான் கண்ணயர்ந்தால் டிவி சத்தத்தைக் குறைப்பாளே, அது "சத்தம்கூட நம் கையில் இல்லை!" கடைக்குப் போகும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாளே, அது "நம்மைக் கைதிபோல் இழுத்துப் போகிறார்கள்!" பால்கனியில் நின்று, காயப்போட்ட துணிகளைச் சபையாக நினைத்து, அவள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்ற தைரியத்தில் முழங்கினேன். "தனிமையே சுதந்திரம்!" என்று கையை ஓங்கித் திரும்பினால், வாசற்படியில் ஈரத்துணி வாளியோடு அவள் நிற்கிறாள். அன்று அவளுக்கு லீவாம். எவ்வளவு நேரமாக நின்றாளோ! வாளியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் டீக்கு மூடி இல்லை. டிவி அலறியது, ரிமோட் என் மடியில் இருந்தது. கடைக்குப் போகையில் பின்னாலேயே தள்ளி வந்தாள். அந்த வாரம் முழுக்க லேபிலிருந்து நேரம் கழித்தே வந்தாள், என் மூஞ்சியில் விழிக்கப் பிடிக்காமல். யோசித்துப் பார், அவள் செய்து கொடுத்த பல்லை வைத்துக்கொண்டே அவளைக் கடித்து வைத்திருக்கிறேன்.

விவாதத்தில் ஜெயித்தோம். டாக்ஸிக்காரர் என்னைத் தூக்கியே விட்டார். டீச்சர் பரிசாகப் பேனா கொடுத்தாள். இதை எழுதுவது அதே பேனாவால்தான். வீட்டுக்கு வந்தால், என் பழைய பெட்டி துடைத்து வைத்தாற்போல் அறை வாசலில் நிற்கிறது. திறந்தேன். உள்ளே ஒரு சின்ன டப்பா. டப்பாவுக்குள் புத்தம்புதிய பல் செட்! இனிப் பல்லுக்காகக்கூட இந்தப் பக்கம் வராதே என்று இதைவிட நாகரிகமாக ஒருத்தியால் சொல்ல முடியுமா?

ஓடிப்போய் அவள் முன்னால் நின்றேன். "அது என் மனசில் இருந்து வந்தது இல்லையம்மா" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தை டீச்சர் சொல்லித்தரவே இல்லை, அக்கா. விவாதத்தில் யார் அப்படிச் சொல்வார்கள்? தவித்துத் தவித்துக் கடைசியில் வாயில் வந்தது, "எங்கள் அணி தன் கருத்தில் உறுதியாக நிற்கிறது." அவள் தலையாட்டிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள். மகனிடம் சொல்லலாம்தான். அப்பனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் அவனை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

எனக்குப் போக இஷ்டமில்லை, அக்கா. பேச்சே இல்லாத இந்த வீடு எனக்குப் பிடித்துப் போய்விட்டது. பேசக் கற்றுக்கொண்டுதான் கெடுத்துக்கொண்டேன். சரி, விடு. கட்டில் சுவரோரமாக இருக்கட்டும். அத்தானுக்கு என் வணக்கம். வீட்டில் பெரியவர், சிறியவர் எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த பல்லோடும் வாழ வேண்டுமென்று வாழ்த்தும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: தையல் மெஷின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

உறையை ஒட்டப் பசை தேடிச் சமையலறைக்குப் போனேன். அவள் மேஜையருகே தனியாக உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு நாற்காலி. பார்த்ததும் டீச்சர் நாற்காலி மாறச் சொல்வது ஞாபகம் வந்தது. டப்பா குலுக்குவதுபோல், சீட்டு எடுப்பதுபோல், மணி அடிப்பதுபோல் எல்லாம் நடித்துக் காட்டினேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கையை ஓங்கி, "தனிமையே சுதந்திரம்!" என்றேன். பிறகு எழுந்து அடுத்த நாற்காலிக்கு மாறினேன். "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, நான் இப்போது எதிரணி. மூடி போட்ட டீ ஆறுவதில்லை. பிடித்துக்கொள்ள ஆள் இருக்கிற முழங்கைக்குத் தெரு அகலமாகத் தெரிவதில்லை. இந்த வீட்டை விட்டு எந்த முட்டாள் போவான்?" என்று தெரிந்த சொற்களையெல்லாம் கொட்டி, தெரியாததற்குக் கையைக் காலை ஆட்டி முழங்கினேன். அவள் ஸ்பூனால் டம்ளரைத் தட்டினாள்.

"மாமா, நேரம் முடிஞ்சுது. உட்காருங்க." அந்த 'மாமா' மட்டும் நம் பாஷையிலேயே வந்தது.

"தீர்ப்பு?"

"பெட்டியைத் தூக்கிப் பரண்ல போடுங்க."

புதுப் பல் எதற்கு என்று டப்பாவைக் காட்டிக் கேட்டேன். எனக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "பால்கனியில கத்தும்போது மேல் பல் ஈறுல இடிக்குது. அப்பப்ப முகம் சுளிச்சீங்க. தனியாப் போனா அங்க யாரு சரி பண்ணுவாங்க?" முதல் பல் செட்டுக்காக என் வாயில் எடுத்த பழைய அச்சு லேபில் இருந்ததாம். அந்த வாரம் முழுக்க நேரம் கழித்து வந்தது இதைச் செய்யத்தான்.

நான் அவளைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள் அக்கா, எங்கே வலிக்கிறது என்று.

புதுப் பல் போட்டுக்கொண்டேன். துளி வலி இல்லை. டீ வந்திருக்கிறது, மூடியோடு.