தோல்வியே காணாத ஸ்டோர்ஸ் அணியைக் கீழே இறக்கியது குறித்து

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மேல்மாடி அறையிலிருந்து மருமகன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு, அதாவது பதினான்கு படிக்குக் கீழே, உங்கள் இருமல் குறைந்திருப்பது காதில் விழுகிறது, மகிழ்ச்சி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவது கிறுக்குத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனால் மூன்று வாரமாக, இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் என்னை விட்டுவிட்டு அத்தையிடம், "அவனைக் குழாயை மூடச் சொல்லு" என்கிறீர்கள். அத்தையும் என் பக்கம் திரும்பி, "குழாயை மூடணுமாம்" என்கிறார். இதைவிடக் கடிதம் வேகமானது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மன்னிப்புக் கடிதம். ஆனால் என்மேல் தப்பு இல்லை.

எல்லாம் உங்கள் கூடத்து டி.வி. முன்னால் ஆரம்பித்தது. டெஸ்ட் ஆடும் நாடுகளை இரண்டு டிவிஷனாகப் பிரிக்கலாமா என்று நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு பேசினார்கள். பிரிக்க வேண்டும் என்றேன் நான். பலமான அணியும் சொத்தை அணியும் மோதினால் மூன்றாம் நாள் மதியமே கூட்டம் கலைந்துவிடுகிறது; சமமானவர்கள் சமமானவர்களோடு ஆடட்டும், தேறினால் மேலே வரட்டும். நீங்கள், "அடேய், பெரியவங்ககிட்ட அடி வாங்காம சின்ன டீம் எப்படிடா பெருசாகும்?" என்றீர்கள். உங்களிடம் புள்ளிவிவரம் இருக்கிறதா என்று கேட்டேன். டி.வி.யை அணைத்துவிட்டீர்கள். அது புள்ளிவிவரம் ஆகாது மாமா.

மறுநாள் கேன்டீனில் இதையே நான் (கொஞ்சம் சத்தமாகத்தான்) சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் மேனேஜர் நின்றிருக்கிறார். "ரொம்ப விஞ்ஞானபூர்வமா இருக்கே தம்பி, நம்ம ஃபேக்டரி லீகுக்கும் இப்படியே பண்ணிடேன்" என்றார். ஆறு செக்‌ஷன், ஆறு அணி, சனி ஞாயிறு இரண்டு நாள் ஆட்டம், நாலு சீசன் கணக்கு. நான் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்க்கிறவன். பம்ப்பின் தண்டு அளவு பார்க்கும் கேஜுக்குள் போனால் பாஸ், போகாவிட்டால் ரிஜெக்ட். அது யார் கடைந்தது, அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் கேட்பதில்லை. அதேபோல்தான் செய்தேன். வெற்றிக்குப் பத்து மார்க். தோல்விக்கு ஒன்று, ஏதோ ஒரு முடிவு வந்ததே என்பதற்காக. டிராவுக்கு சைபர். இரண்டு நாள் ஓடி ஒரு பீஸ்கூட வெளியே தள்ளாத மெஷினுக்கு யார் மார்க் போடுவார்கள்?

நாலு சீசனில் நீங்கள் தலைமை தாங்கிய ஸ்டோர்ஸ் அணி ஆடிய ஆட்டம் இருபது. வெற்றி இல்லை. தோல்வியும் இல்லை. இருபதும் டிரா. போன வருஷம் நீங்கள் நாற்பத்தொரு ஓவர் நின்று ஒன்பது ரன் எடுத்ததை நான் மறக்கவில்லை, பார்த்த யாராலும் மறக்க முடியாது. பெயிண்டிங் அணி பதினாறு ஆட்டத்தில் தோற்று, உங்களோடு நாலு டிரா செய்து, பதினாறு மார்க் வாங்கி உங்களுக்கு மேலே ஐந்தாவதாக நின்றது. பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடி படித்ததைப் பார்த்தேன். கணக்கு சரிதான் மாமா, மூன்று முறை கூட்டினேன்.

அப்புறம் நடந்ததற்கு நீங்களும் பொறுப்பு. லேத், வெல்டிங், அசெம்பிளி மூன்றும் முதல் டிவிஷன்; ஆபீஸ், பெயிண்டிங், ஸ்டோர்ஸ் இரண்டாவது. லேத்துக்கும் வெல்டிங்குக்கும் முதல் ஆட்டம். பந்தும் ஸ்டம்ப்பும் ரோலரும் ஸ்டோர்ஸில், சாவி உங்கள் இடுப்பில். நான் வந்து கேட்டால், மேலே பார்த்துக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரிடம், "முதல் டிவிஷனுக்குச் சாமான் கொடுக்க ரெண்டாவது டிவிஷனுக்கு அதிகாரம் இல்லைன்னு அவன்கிட்ட சொல்லு" என்றீர்கள். சாமான் கேட்கும் இண்டென்ட் சீட்டை மூன்று பிரதி எழுதித் தந்தேன். நாலாவது பிரதி எங்கே என்றீர்கள், அதையும் அவரிடமே. கடைசியில் லேத் ஆட்களே கட்டை வாங்கி ஸ்டம்ப்பும் அதன் தலையில் வைக்கிற பெயில்ஸும் கடைந்துவிட்டார்கள். நான்தான் அளவு பார்த்து பாஸ் போட்டேன். என்ன பொருத்தம் தெரியுமா! பெயில்ஸ் போய் உட்கார்ந்தால் 'டக்'கென்று சத்தம் வரும். பந்து ஸ்டம்ப்பில் பட்டது, ஸ்டம்ப் ஆடியது, பெயில்ஸ் அசையவில்லை. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. பெயில்ஸ் விழாவிட்டால் அவுட் இல்லை, சட்டம் அது. அம்பயர் நான், கொடுக்கவில்லை. வெல்டிங் ஆட்டக்காரர் உயிர் பிழைத்து உயிர் பிழைத்து ஞாயிறு சாயங்காலம் வரை நின்றார். ஆட்டம் டிரா. நாட்டிலேயே தலைசிறந்த முதல் டிவிஷனில் முதல் ஆட்டத்துக்கு இரண்டு அணிக்கும் சைபர்.

லேத் போர்மேன் நேராக என்னிடம் வந்தார். பந்தைப் பற்றிப் பேசவே இல்லை. "ஏம்ப்பா, இருபத்திரண்டு வருஷமா உங்க மாமாவுக்குப் பந்து போடறேன். ஒரு தடவைகூட அந்த மனுஷனை அவுட் பண்ணினதில்லை. அடுத்த மாசத்தோட ரெண்டு பேரும் ஓய்வு. உன் பட்டியல்ல எங்க ரெண்டு பேருக்கும் ஆட்டமே இல்லையே, நான் எப்படிப்பா வீட்டுக்குப் போறது?" என்றார். அடுத்த சீசனில் ஸ்டோர்ஸ் மேலே ஏறி வந்தால் ஆடலாம் என்று விதியைச் சொன்னேன். "அடுத்த சீசன்ல நாங்க எங்கப்பா இருப்போம்?" என்றார். இதற்கு என் விதியில் இடம் விடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதற்கு மட்டும்தான் மன்னிப்பு.

நீங்கள் வெள்ளை பேண்ட்டை மடித்துப் பரணில் போட்டுவிட்டதாக அத்தை சொன்னார். இறக்குங்கள். இரண்டாம் டிவிஷனில் ஆடுவது கேவலம் இல்லை. பெயிண்டிங் ஆட்களைப் பாருங்கள், போன ஞாயிறு மேனேஜரின் ஆபீஸ் அணியையே ஜெயித்துவிட்டார்கள். அவர்கள் கேப்டன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, ஜெயிச்சா இப்படித்தான் இருக்குமா தம்பி?" என்று கேட்டார். மேனேஜரும் பக்கத்தில்தான் நின்றார், சிரித்துக்கொண்டே. ஆக, டிவிஷன் முறை நல்ல முறை. உலகத்துக்கும் நல்லது, ஃபேக்டரிக்கும் நல்லது. இந்தக் கருத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட நகர மாட்டேன்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி என்றும் வேண்டும், அத்தை வழியாக அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த (மேலே இருக்கும்) மருமகன்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. திங்கட்கிழமை முதல் எனக்கு ஸ்டோர்ஸுக்கு மாற்றல், மேனேஜர் கையெழுத்து. ஆகவே மேலே எழுதியவற்றை அடியோடு வாபஸ் பெறுகிறேன். நிதானமாக யோசித்தால், டெஸ்ட் கிரிக்கெட்டை டிவிஷனாகப் பிரிப்பது மடத்தனம். பெரிய அணியோடு மோதாமல் சின்ன அணி எப்படிப் பெரிதாகும்? பட்டியலைக் கிழிக்கச் சொல்லி மேனேஜருக்கு இப்போதே போன் செய்தேன், நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் சரி என்றுவிட்டார். அவருக்கும் பெயிண்டிங்கோடு ஒரே டிவிஷனில் இருக்க மனமில்லை போலும். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, லேத்–ஸ்டோர்ஸ். போர்மேனுக்கும் சொல்லியாகிவிட்டது.

இன்னொன்று. மாற்றல் உத்தரவின் அடியில், செக்‌ஷன் தலைவர் ஒப்புதல் என்ற கட்டத்தில், போன புதன்கிழமை தேதியிட்டு உங்கள் கையெழுத்து இருக்கிறது. "ஆட்சேபணை இல்லை. பன்னிரண்டாவது ஆளாக வைத்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று வாரத்தில் நீங்கள் என்னைப் பற்றி நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை இது, நன்றி. ஆனால் பன்னிரண்டாவது ஆளா மாமா? தண்ணி தூக்கவா? நான் ஓப்பனிங் பேட்ஸ்மேன். இதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும், கீழே வந்துகொண்டிருக்கிறேன்.