கப்பல் சாரும் பதினோராவது குறையும்

திருச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது என்பதை இன்றுவரை ஏற்றுக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். மற்றவர்களெல்லாம் ஆறாம் வகுப்பு வரைபடத்திலேயே அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, மனதைத் தேற்றிக்கொண்டு, வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

கே.கே. நகரில் அவர் எனக்குப் பக்கத்து வீடு. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு, கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு மட்டும் அது தெரியும். எங்களுக்கு அவர் கப்பல் சார். துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் சரக்குகளைச் சோதித்து, 'ரிஜெக்ட்' என்று சிவப்பு சாக்பீஸால் எழுதுவது அவருடைய வேலை. ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. என் அக்கா மகள் கல்யாணத்தில், ஓட்டை நடுவில் இல்லை என்று வடையைத் திருப்பி அனுப்பினார். பரிமாறியவர் மன்னிப்புக் கேட்டு வேறு வடை கொண்டுவந்தார்.

இப்பேர்ப்பட்டவர் ஒரு சனிக்கிழமை காலை பழைய ஜீப்பின் பின்னால் டிரெய்லரைக் கட்டி, அதன் மேல் பத்தொன்பது அடிப் படகு ஒன்றை ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். பால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எந்தக் கோயில் தெப்பங்க?"

"கோயில் இல்லைங்க. ஃபேமிலி போட். காத்துல போறது."

பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரர் முப்பது வருடம் வைத்திருந்து, ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போன படகாம். ஏன் விட்டுவிட்டுப் போனார் என்பது கிட்டே போய்ப் பார்த்ததும் விளங்கியது. ஃபைபர் உடம்பு முழுக்க வெடிப்பு. காற்றுப் பிடிக்கிற பாய், சல்லடை. உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், ஒரு சின்ன அலமாரி, அலமாரிக்குள் ஒரு நண்டு. நண்டு காலமாகி வெகுநாள் ஆகியிருந்தது.

"பாடி நல்ல பாடி. மேல மேல வேலை செஞ்சா போதும்" என்றார் கப்பல் சார். வடையில் குறை கண்ட கண் அன்றைக்கு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அதற்கு டிரெய்லர் வைத்துப் போய்வந்த ஆளை அப்போதுதான் பார்த்தேன்.

ஏன் சார் இந்த வேலை என்று நான் கேட்டேன். அவர் வீட்டுக் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முப்பத்து மூணு வருஷம், ஞாயித்துக்கிழமைன்னு பாக்காம ஷிஃப்ட்டுக்குப் போயிட்டேங்க. டீச்சரோட ஒரு மணி நேரம் சும்மா உக்காந்ததில்ல. இப்ப நான் உக்காந்தா அவ எந்திரிச்சுப் போயிடறா. டியூஷன் பேப்பர் திருத்தணுங்கறா, குக்கர் விசில் அடிக்குதுங்கறா. படகுல உக்கார வச்சுட்டா எங்க போவா?"

டீச்சர் என்பது அவர் மனைவி. பாலக்கரையில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், பிறந்து வளர்ந்தது ஸ்ரீரங்கம். அவர் வாசலுக்கு வந்தார். படகை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "இதுல நான் ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினார்.

"இந்தா பாரு, பொத்தாம்பொதுவா ஏற மாட்டேன்னு சொல்லக்கூடாது. குறை என்னன்னு எழுதிக் குடு. நிவர்த்தி பண்றேன், நீ செக் பண்ணிக் கையெழுத்துப் போடு. அதான் முறை."

தொழிற்சாலைப் பழக்கத்தில் சொல்லிவிட்டார். முப்பது வருடம் பெண்பிள்ளைகளின் கணக்கு நோட்டில் தப்புக் கண்டுபிடித்தவரிடம் இப்படிச் சொல்லலாமா? டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு முழுத் தாளில் மூன்று பத்தி போட்டுக் கோடு கிழித்தார்: குறை, நிவர்த்தி, கையெழுத்து. பத்துக் குறைகளை எழுதினார். பதினொன்று என்று எண்ணைப் போட்டு, எதிரே காலியாக விட்டார்.

"அது என்ன?" என்றார் சார்.

"முதல்ல பத்தை முடிங்க. பதினொண்ணைப் பெறவு சொல்றேன்."

அன்றிலிருந்து அந்தத் தாள் படகின் உள்ளே கிளிப் அட்டையில் தொங்கியது. நானும் தொங்கினேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும், "வர்றீங்களா, ஒரு கை பிடிச்சா போதும்" என்பார். அவர் சொல்கிற அந்த ஒரு கைக்கு என் இரண்டு கையும் இடுப்பும் தேவைப்படும். என்னை அவர் மாலுமியாக நியமித்தது எனக்கே மூன்றாவது வாரம்தான் தெரியும்.

முதல் குறை, ஓட்டை உடைசல். மூன்று மாதம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். தெருவில் காயப்போட்ட துணியிலெல்லாம் வெள்ளைத் தூள் படிந்து, வடாம் காயப்போடுகிறவர்கள் எங்களோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். நாலாவது குறை, பாய். பாலக்கரையில் சாமியானா தைக்கிற ஒருவரிடம் கொடுத்தார். தைத்து வந்ததை விரித்தோம். அளவு மில்லிமீட்டர் சுத்தம், தையல் முத்து முத்தாக. ஆனால் கீழ் விளிம்பு நெடுக மஞ்சளும் சிவப்புமாகக் கல்யாணப் பந்தல் தொங்கல்.

"இது எதுக்குங்க?" என்றேன் தையல்காரரிடம்.

"தொங்கல் இல்லாம எங்க கடையிலேருந்து துணி வெளிய போனதில்லைங்க. நாளைக்குப் பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?"

கப்பல் சார் ரிஜெக்ட் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தொங்கலைத் தடவிப் பார்த்து வெகுநேரம் யோசித்தார். "கேட்டதுக்கு மேல செஞ்சிருக்காரு. அதை ரிஜெக்ட் பண்ண ரூல் கிடையாதுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

ஆறாவது குறை: 'பாய்மரம் தலையில் விழும்.' அதற்காகக் கையால் சுற்றினால் மரத்தை ஏற்றி இறக்குகிற ஒரு ராட்டினத்தை அவரே பொருத்தினார். தெருவிலேயே சோதனை செய்தார். மரம் கம்பீரமாக எழுந்து நின்றது. எழுந்து நிற்கும்போது தெருவின் கேபிள் டிவி ஒயர் முழுவதையும் தோளில் போட்டுக்கொண்டது. இரவு எட்டு மணி சீரியலில் மருமகள் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்த கட்டம். பதினான்கு வீட்டுக் கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தன. அன்றைக்கு எங்கள் இருவரையும் பேசிய பேச்சில் பாதியைப் பத்திரிகையில் போட மாட்டார்கள். டீச்சர் மட்டும் நிதானமாக வந்து மேலே பார்த்து, "விழலை, சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

எட்டாவது குறை: 'காபி போட வழியில்லை.' படகு சாய்ந்தாலும் சாயாதபடி ஊஞ்சல் மாதிரித் தொங்குகிற அடுப்பு ஒன்றைச் செய்தார். அதைச் சோதிக்க அலை வேண்டுமே? டிரெய்லரில் நின்ற படகை நான் தெருவில் நின்று ஆட்டினேன். அரைமணி நேரம் ஆட்டினேன். போகிறவர் வருகிறவரெல்லாம் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். உள்ளே பால் பொங்கி, டிகாஷன் கலந்து, டீச்சர் கைக்கு டம்ளர் போயிற்று. ஒரு சொட்டு சிந்தவில்லை, என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

டீச்சர் ஒரு வாய் குடித்தார். "சக்கரை ஜாஸ்தி" என்று டம்ளரை வைத்துவிட்டார். கையெழுத்து மறுநாள்தான் கிடைத்தது. மறுநாளும் நான்தான் ஆட்டினேன்.

நடுவில் ஒரு தை மாதம் வெள்ளோட்டம். துவாக்குடி தாண்டி ஒரு பெரிய ஏரி. திருச்சிப் பக்கம் என்ன சங்கடமென்றால், மழை பெய்து ஏரி நிறைந்திருக்கும்போது காற்று இருக்காது, ஆடியில் அம்மியைத் தூக்குகிற காற்று அடிக்கும்போது ஏரியில் ஆடு மேயும். அன்றைக்குத் தண்ணீர் இருந்தது. பாயை ஏற்றினோம். தொங்கல்கூட அசையவில்லை. இரண்டு மணி நேரத்தில் முப்பதடி நகர்ந்தோம், அதுவும் எங்களைக் கடந்துபோன எருமைகள் கிளப்பிய அலையில். கரையில் டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்து டியூஷன் பிள்ளைகளின் பேப்பரைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பேப்பர் முடிந்ததும் நிமிர்ந்து பார்ப்பார். நாங்கள் அதே இடத்தில் இருப்போம்.

"பாக்கறா பாருங்க" என்றார் சார் என்னிடம். அந்த முகத்தில் அவ்வளவு ஆசை. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிப்பு போய்விட்டது.

ஒருவழியாகப் பங்குனியில் பத்தாவது குறையும் தீர்ந்தது. சார் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தாளை நீட்டினார். டீச்சர் பதினொன்றுக்கு எதிரே எழுதினார்: 'கேப்டனுக்கு நீச்சல் தெரியாது.'

நான் கப்பல் சாரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அடப்பாவமே, நிஜமாவா சார்? தை மாசம் என்னை வச்சுக்கிட்டு நடு ஏரிக்குப் போனீங்களே?"

"லைஃப் ஜாக்கெட் இருக்குல்ல" என்றார் முணுமுணுப்பாக.

"நோட்ஸ் கையில இருந்தா கணக்கு தெரிஞ்சதா ஆயிடுமா?" என்றார் டீச்சர். "நான் படித்துறையிலேருந்து குதிச்சுக் காவிரில அக்கரைக்குப் போய்ட்டு வந்தவ. எனக்கு ஒண்ணும் பயமில்ல. கண்ணு முன்னாடி இவர் தண்ணிக்குள்ள போறதை என்னால பாக்க முடியாது. போன தடவை அவ்வளவு நேரமும் எனக்கு உயிரே இல்ல. ஒரு பேப்பர்ல நூத்துக்கு நூத்திப் பத்து போட்டிருக்கேன்."

அறுபத்திரண்டு வயதில் கப்பல் சார் நீச்சல் வகுப்பில் சேர்ந்தார். கூடப் படித்தவர்கள் எல்லோருக்கும் பால் பல் விழுந்துகொண்டிருந்தது. எட்டு நாளில் அவர்கள் மிதந்தார்கள். சார் மூழ்கினார். மூழ்கும்போதும் முறையாக, முதுகு நேராக மூழ்குவார் என்று பயிற்சியாளர் பாராட்டிச் சொன்னார். மூன்று மாதம் காது, மூக்கு வழியாகப் பாதிக் குளத்தைக் குடித்ததுதான் மிச்சம்.

"வந்துடுச்சுன்னு எழுதிடுங்க சார். யார் வந்து பாக்கப்போறா?" என்று நான் நல்லெண்ணத்தில்தான் சொன்னேன்.

"ரிப்போர்ட்டுல பொய் எழுதச் சொல்றீங்களா?" என்றார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் தாளை எடுத்தார். பதினொன்றுக்கு எதிரே 'நிவர்த்தி செய்ய இயலவில்லை. படகு ரிஜெக்ட்' என்று எழுதினார். வாசலில் 'விற்பனைக்கு' என்று அட்டை கட்டினார். டீச்சர் அட்டையைப் படித்துவிட்டு உள்ளே போனார். அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு இதைவிடக் கஷ்டம் இல்லை.

வாங்குவதற்குக் காரைக்கால் பக்கத்திலிருந்து ஒருவர் வருவதாக ஏற்பாடானது. அந்த வருடம் வாய்க்காலில் சீக்கிரம் தண்ணீர் விட்டதால் ஆடியிலேயே ஏரி தளும்பியது. காற்றும் இருந்தது, தண்ணீரும் இருந்தது. வாங்குகிறவர் வருவதற்கு முதல் நாள், "கடைசியா ஒரு தடவை மிதக்க விட்டுப் பாத்துடறேங்க" என்றார் சார். போனோம். டீச்சரும் நாற்காலியோடு வந்தார்.

பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. சார் சுக்கானைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். நான் வழக்கம்போல முழங்கால் தண்ணீரில் தள்ளிவிட்டு ஏறி உட்கார்ந்தேன். டீச்சர் கரையிலிருந்து, "அந்தத் தாளை இப்படிக் குடுங்க" என்றார். எட்டிக் கொடுத்தேன். சார் எழுதியிருந்ததைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"முப்பத்து மூணு வருஷத்துல உங்களையே நீங்க ரிஜெக்ட் பண்ணது இதுதான் முதல் தடவையா?" என்றார்.

சார் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது, காற்று என்று சொல்லிக்கொள்ளலாம்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "ஏங்க, நீச்சல் தெரியாதவரைத் தனியா அனுப்பலாமா?"

"கூடாதுங்க டீச்சர்."

"தெரிஞ்சவங்க ஒருத்தர் கூடப் போகணும்ல?"

"கட்டாயம் போகணுங்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "தெரியாதுங்க டீச்சர்."

"அப்ப இறங்குங்க."

இறங்கினேன். டீச்சர் பேனாவை எடுத்து, பதினொன்றுக்கு எதிரே, 'நான் கூடப் போகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளையும் பேனாவையும் செருப்பையும் என் கையில் கொடுத்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். சார் வாய் திறந்தபடி சுக்கானை விட்டுவிட்டார். "பிடிங்க அதை!" என்று ஒரு அதட்டல். நான் தள்ளிவிட்டேன்.

ஆடிக் காற்று பாயை நிறைத்தது. மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கல் பறக்க, கல்யாணப் பந்தல் ஒன்று இடம் பெயர்ந்து போவதுபோல அவர்கள் போனார்கள். வரப்பில் போன ஒரு விவசாயி நின்று, "எந்த ஊர் கல்யாணங்க?" என்று கேட்டார். "நம்ம கே.கே. நகர்தாங்க" என்றேன். ஏரியின் நடுவிலிருந்து டீச்சர் ஏதோ திட்டுவதும், சார் சிரிப்பதும் கரைவரை கேட்டன. அதுவரை அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் திரும்பி வரவில்லை. காரைக்கால்காரருக்கு நானே போன் போட்டு, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

நான் இப்போது ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்துவிட்டேன். அவர்கள் இன்னமும் ஏரி நிறைந்தால் போகிறார்கள். அதற்குப் பிறகு என்னை ஒரு நாளும் அந்தப் படகில் ஏற்றியதில்லை, இரண்டு பேருக்குத்தான் இடமாம். மாலுமி வேலை போய், அதற்காக மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.