துடைத்தும் போகாத குங்குமமும் திருப்பி அனுப்பப்போகும் லெப்டொப்பும்

பூனாகலை,
சனிக்கிழமை.

அன்புள்ள மச்சான் தயாபரனுக்கு,

மாரியம்மன் துணையோடு உன் மச்சான் கந்தப்பன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா ஜீவராணி, மகள் ஜெயந்தினி மூன்று பேரும் சுகம். நீ அனுப்பிய லெப்டொப்புக்கு மட்டும் சுகமில்லை. அங்கே உன் சுகத்தையும், உன் கம்பனியில் இந்த லெப்டொப்பின் கண்ணைப் பூட்டியவன் எவனோ அவன் சுகத்தையும் அறிய மிகவும் ஆவலாக இருக்கிறேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போன் இப்போது என்னிடம் இல்லை. லெப்டொப்புக்கு இன்டர்நெட் கொடுக்கும் உத்தியோகத்தில் சேர்ந்துவிட்டது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சிக்னல் வருகிற ஒரே இடம் பின் ஜன்னல் கம்பி. அதனால் பழைய காலுறை ஒன்றுக்குள் அங்கேயே தொங்குகிறது. கிட்டப் போனாலே மகள் முறைக்கிறாள்.

"எங்க கம்பனியில பெரிய கட்டடங்களுக்குப் படம் போட்ட பழைய மெஷின், சும்மா லெப்டொப் இல்ல மச்சான்" என்று நீ சொன்னது சரிதான். நீ பஸ்ஸில் ஏற்றிவிட்ட பையைப் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் நீட்ட, ஒரு கையால் வாங்கினேன், தோள் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. சார்ஜரோ தனிச் செங்கல். பக்கத்து வீட்டு அங்கம்மா அக்கா பார்த்துவிட்டு, "இத மடியில வச்சா புள்ள திரும்ப எந்திரிக்குமா?" என்று கேட்டார். முதல் நாள் திறந்ததும் அது தன்னைத்தானே புதுப்பிக்கப் போகிறேன், அணைக்காதே என்றது. தெமோதரைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டேன், அப்போதும் அது புதுப்பித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு மகள் ஒரு வீட்டுக்குக் கூரை வரையத் தொடங்கினாளோ இல்லையோ, தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற ஃபேனைப் போட்டதுபோல ஒரு சத்தம், பக்கவாட்டில் அனல் காற்று. வெடிக்கப்போகிறது என்று நான் சுளகை எடுத்து வீசினேன். "அப்பா, அதுக்குள்ளயே விசிறி இருக்கு, நீங்க தள்ளிப் போங்க" என்றாள். உன் அக்கா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காற்றில் கையைக் காய்ச்சிக்கொண்டாள். பூனாகலைக் குளிருக்கு அந்த ஒரு விஷயத்தில் மெஷின் பிழையில்லை.

உனக்குத் தெரியும், பதுளையில் படவரைஞர் படிப்பு முடித்த பிள்ளை. கொழும்புக் கம்பனி ஒன்று வீட்டிலிருந்தே படம் போடும் வேலை தருவதாகச் சொல்லி ஒரு வீட்டுப் படமும் கேட்டது. போட்டுவிட்டாள். எனக்கும் காட்டினாள். அடுப்படி எங்கே என்று நெடுநேரம் தேடினேன். "தலைகீழாப் புடிச்சிருக்கீங்கப்பா" என்றாள். திருப்பினேன், நல்ல அடுப்படி. இந்த வேலை கிடைத்தால் பிள்ளை நம்மோடேயே இருப்பாள். கிடைக்காவிட்டால் சிநேகிதிகளோடு கொழும்புக் கார்மெண்ட் பெக்டரிக்குத் தைக்கப் போய்விடுவேன் என்று பையைத் தூசி தட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வார வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து மெஷினுக்குப் பூசை போட்டேன். மூடிக்கு விபூதிப் பட்டை. திறந்தால் திரைக்கு மேலே நட்டநடுவில், மனுஷனுக்கு நெற்றி இருக்கிற இடத்தில், ஒரு சின்னக் கண் தெரிந்தது. நெற்றி என்று ஒன்று இருந்தால் பொட்டு வைக்காமல் விடலாமா? சந்தனத்தைக் குழைத்து, மேலே குங்குமத்தைப் பெருவிரலால் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்தேன். மகள் அப்போது பீலியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். வந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள். அது கெமராவாம். உடனே ஈரத்துணியால் துடைத்தாள். சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. கடுகளவு சிவப்பு, அச்சு வைத்த மாதிரி, அந்தக் கண்ணிலேயே நின்றது. பஞ்சால் துடைத்தாள், சேலைத் தலைப்பால் துடைத்தாள், ம்ஹூம். அதற்குமேல் உன் அக்கா துடைக்க விடவில்லை. "அம்மன் தானா வந்து நின்னுருக்கா, கைய எடுடி!" அன்று பின்னேரமே லயத்தில் பாதிப் பேர் கற்பூரத்தோடு வந்துவிட்டார்கள். அம்மன் முன்னால் உட்கார்ந்துதான் பிள்ளை படம் போடுகிறாள்.

புதன்கிழமை நேர்முகம். கொழும்புக் கம்பனி மேடத்தின் முகம் திரையில் எங்களுக்குத் தெரிந்தது, எங்கள் பிள்ளை முகம் அவருக்குத் தெரியவில்லை. வெறும் இருட்டு. "திங்கக்கிழமை மறுபடி பேசுவோம், கெமராவச் சரி பண்ணிக்கங்க" என்றார். நல்ல மனுஷி. நான் பதுளைக்கு ஓடினேன். நெரிசல் பஸ்ஸில் அந்த மெஷினைத் தூக்கிப் போக முடியாது என்று அதை வீட்டில் வைத்துவிட்டு, கொம்பியூட்டர் கடை றிஸாத் நானாவிடம் வாயாலேயே விளக்கினேன். "கம்பனி மெஷின்தானே? கம்பனிக்காரங்க சில நேரம் கெமராவப் பூட்டி வச்சிருவாங்க" என்றார். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார், அதற்குள் நான் பஸ்ஸைப் பிடிக்கக் கடையை விட்டு இறங்கிவிட்டேன்.

ஆக, பிழை உன் கம்பனியின் பிழை. கொடுக்கிறவன் கண்ணோடு கொடுக்க வேண்டாமா? திங்கட்கிழமை எப்படியும் குரலை வைத்தாவது பேசட்டும். பேசி முடிந்ததும் மெஷினைத் துணியில் சுற்றி அதே பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். அந்தப் பூட்டைத் திறக்கவைத்து உடனே திருப்பி அனுப்பு. எனக்கு நம்பிக்கை போகவில்லை. குரலைக் கேட்டே வேலை கொடுக்கும் அளவுக்கு நம் பிள்ளை நன்றாகத்தான் பேசுவாள்.

உன் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு முத்தத்தையும் பிரித்துக் கொடு. அம்மன் உன் வேலையையும் வயிற்றையும் நல்லபடி வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமில்லாத, உன் கம்பனி மேல் மட்டும் கோபமுள்ள மச்சான்,
கந்தப்பன்

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. கடிதத்தைத் தபாலில் போடவில்லை, நல்லவேளை. உன் கம்பனியைப் பற்றி எழுதிய இடங்களை விட்டுவிட்டுப் படி. காலையில் மகள் மேடத்தோடு முகம் தெரியாமலே பேசிக்கொண்டிருந்தாள். மெஷினைச் சுற்றி எடுக்க நான் போர்வையோடு பின்னால் நின்றேன். அம்மன் ஊருக்குப் போகிறாளே என்று அங்கம்மா அக்கா சத்தமில்லாமல் வந்து, போகுமுன் கொஞ்சம் குங்குமம் நெற்றிக்கு எடுத்துக்கொள்வோம் என்று அந்தச் சிவப்பை நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார். டக். சிவப்பு நகர்ந்துவிட்டது! கண் திறந்து, பக்கத்தில் ஒரு விளக்கும் எரிந்து, திரையில் அங்கம்மா அக்காவின் மூக்கு பலாக்காய் மாதிரி வந்து நின்றது. "ஐயையோ, என்னைய உள்ள இழுத்துருச்சு!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஜன்னலில் போன் ஆடியது. அங்கே மேடம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது. "இவங்களும் வேலைக்கு வாறாங்களா?" என்று கேட்டார். அந்தக் கெமராவுக்கு ஒரு சின்ன இமை இருக்கிறதாம் மச்சான். மூடினால் சிவப்புப் புள்ளி தெரியுமாம். அதை மூடியது என் பெருவிரல்தான். "சாமானக் கொண்டாங்க, பாக்காம சொல்ல ஏலா" என்பதுதான் றிஸாத் நானா சொன்ன மிச்சமாம். மகள் அவருக்குப் போன் எடுத்துக் கேட்டாள்.

வேலை கிடைத்துவிட்டது. கார்மெண்டுக்கு வைத்த பையில் இப்போது உன் அக்கா வெங்காயம் போட்டிருக்கிறாள். மெஷின் எங்கேயும் வராது. ஒரே ஒரு சமரசம்: வேலை முடிந்ததும் மகள் அந்த இமையை மூடிவிட வேண்டும், அம்மன் வந்ததும் உன் அக்கா விளக்கு வைப்பாள். கற்பூரத்தை மட்டும் கொஞ்சம் தள்ளிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். விசிறி சும்மாவே சூட்டில் ஓடுகிறது.