புளியோதரைமேல் போட்ட பழி

சந்தேகம் என் பிறவிக் குணம். பால்காரரின் அளவைச் சந்தேகப்படுவேன், கண்டக்டர் தரும் சில்லறையைச் சந்தேகப்படுவேன். என்னை மட்டும் சந்தேகப்பட்டதே இல்லை. அந்தக் குறை, கல்யாணமான புதிதில், ஸ்ரீரங்கத்து மாமனாரின் புதுக் காரில் தீர்ந்தது.

மாமனாருக்குத் தவில் என்றால் உயிர். "காரில போட்டா அடி நெஞ்சுல அதிரணும், மாப்பிள்ளை. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியுமே" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். (எனக்கு ஒன்றும் தெரியாது. அதைப் புது மாப்பிள்ளை வாயால் சொல்ல முடியுமா?)

பாலக்கரையில் கார் செட் மாட்டும் சலீம் பாய், நான் எடுத்த ஆம்ப்ளிஃபயரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சார், அடி அதிர்ற இந்த வூஃபர் ஸ்பீக்கருக்கு இருநூறு வாட்ஸ் வேணுங்க. இந்த ஆம்ப் அட்டையில ஆயிரம்னு போட்டிருக்கும். நிஜத்துல நூத்தம்பதுதான் குடுக்கும். பெருசா ஒண்ணு எடுத்துக்கங்க."

ஆரம்பித்துவிட்டார் வியாபாரத்தை என்று நினைத்தேன். "இதே போதும்" என்றேன்.

"சரிங்க. ஆனா ஆம்ப்ல சத்தத்தை ஏத்துற இந்த கெய்ன் திருகை நான் வச்ச இடத்துலயே விடுங்க. ஏத்தினா சத்தம் கிழியும், வூஃபர் காயில் எரிஞ்சிடும்."

சின்ன ஆம்ப் பெரிய வூஃபரை எரிக்குமாம். யாரிடம் காது குத்துகிறார்? பாதிச் சத்தத்தைப் பிடித்து வைத்து, என்னை மறுபடி வரவழைத்துப் பெரியதைத் தலையில் கட்டப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் திருகைக் கடைசிவரை முறுக்கினேன்.

மறுநாள் தொட்டியத்தில் உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். நான் ஓட்ட, பக்கத்தில் மாமனார். பின்னால் என் மனைவியும், மடியில் புளியோதரைத் தூக்கோடு மாமியாரும். டோல்கேட் தாண்டியதும் தவில் முழங்கியது. மாமனார் தொடையில் தாளம் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. முசிறி வருவதற்குள் தவில் தகர டப்பாவாக மாறியது.

"மாப்பிள்ளை, ஏதோ தீயற வாசனை வர்றதே?"

வழக்கம்போல என்னைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். "புளியோதரை அடிப்பிடிச்சிருக்கும், மாமா."

மாமியார் நிதானமாகத் தூக்கைத் திறந்து கணவரின் மூக்கருகே நீட்டினார்.

"பெருங்காயம்னா மணக்கறது" என்றார் மாமனார். அந்த நேரம் பார்த்துத் தவில் நின்று, பின்சீட்டுக்குப் பின்னாலிருந்து புகை வந்தது.

ஓரம் கட்டி டிக்கியைத் திறந்தோம். வூஃபர் கருகிக் கிடந்தது. ஆம்ப்பில் கடைசிவரை முறுக்கிக் கிடந்த திருகை மாமனார் பார்த்தார்.

"இதை யார் இப்படித் திருப்பினது?"

சலீம் பாய்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. வழியில் தேவைப்படுமென்று வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவர் என் சட்டைப் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. மானம் போயிற்று.

இப்போது அந்தக் காரில் பெரிய ஆம்ப் இருக்கிறது, திருகு சலீம் பாய் வைத்த இடத்தில் இருக்கிறது. மாமியார் வீட்டில் புளியோதரை கிளறினால் முதல் கரண்டி இன்றும் என் மூக்குக்குத்தான் வரும்.

"பாத்துச் சொல்லுங்கோ, மாப்பிள்ளை" என்பார் மாமியார். "வூஃபர் வாசனை ஏதாவது வர்றதா?"