முழுப் பாதுகாப்புடன் ஒரு மோதிரத் தேடல்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கடற்கரைப் பாதுகாப்பு அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் என் சித்தி மகள் சொன்னது. அவள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

குழாய் வேலை செய்யும் ஒருவர் கடலில் குளித்தபோது கல்யாண மோதிரத்தை அலையில் விட்டுவிட்டார். ஊருக்குப் போயிருந்த மனைவி அன்று மாலை திரும்புகிறாள். கடல் உள்வாங்கியிருக்கும் ஒரு மணி நேரம்தான் கெடு. உலோகம் காட்டும் கருவியை இரவல் வாங்கிக்கொண்டு ஓடினார்.

கரையில் பாதுகாப்பு அதிகாரி மேசை போட்டிருந்தார். மேற்படி கருவியுடன் அலையில் இறங்குவோர் உரிய பாதுகாப்பு அணிதல் வேண்டும் என்று படித்துக் காட்டி, அலுவலகத்திலிருந்த ஒரே செட்டை மாட்டிவிட்டார்: இரும்புத் தொப்பி, அலை இழுக்காமலிருக்க இரும்பு அடி வைத்த பூட்ஸ், இடுப்பில் சங்கிலி.

"ஐயா, இவ்வளவு இரும்பு போட்டா கருவி என்னையேதானே காட்டும்?"

"காட்டட்டும். நீங்க எங்க இருக்கீங்கன்னு எங்களுக்கும் தெரியணும்ல?"

கருவி எழுப்பும் ஒவ்வொரு சத்தத்துக்கும் கரையேறித் தகவல் தர வேண்டும். அலைக்கு முதுகு காட்டக் கூடாது என்பதால் பின்னோக்கியே நடந்து வந்தார்.

"அரசாங்கத்துக்கு முதுகைக் காட்டுறீங்களா?"

அதன்பின் நண்டு மாதிரி பக்கவாட்டில் வந்தார். பதினாறு முறை.

பதினேழாவது சத்தம் மெலிசாக வந்தது.

"ஐயா, இது வேற சத்தம்! இங்கேயே குனிஞ்சா எடுத்துடுவேன்!"

"அலைக்கு முன்னால குனியக் கூடாது. மேல வந்து சொல்லுங்க."

வந்து சொன்னார். "பதினேழு. சங்கிலி" என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார் அதிகாரி. திரும்பிப் போவதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஓர் அலை அவரைச் சாய்த்தது. பூட்ஸ் மணலில் புதைந்துகொண்டது.

"காப்பாத்துங்க!"

"எப்படி இறங்குறது? தொப்பி உங்ககிட்டல்ல இருக்கு!"

பஸ்ஸிலிருந்து இறங்கி, விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த மனைவி, பையைப் போட்டுவிட்டு அலைக்குள் பாய்ந்து புருஷனைப் பூட்ஸிலிருந்து பிடுங்கி இழுத்து வந்தாள்.

"அம்மா, பாதுகாப்பில்லாம இறங்கிட்டீங்களே!"

"பாதுகாப்போட இறங்கினவரைத்தான்யா இழுத்துட்டு வர்றேன்." பிறகு புருஷன் விரலைப் பார்த்தாள். "மோதிரம் எங்க?"

அவர் மேசையைக் காட்டினார். "பதிவேட்டுல இருக்கு."

சித்தி மகள் சொன்னதை அப்படியே நம்பாமல், பிறகு நானே போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். அதில் இருப்பது: 'தேடல் முழு வெற்றி. பதினேழு உலோகங்கள் கண்டறியப்பட்டன. உயிர்ச்சேதம் இல்லை.' அறிவிப்புப் பலகையிலும் அதை ஒட்டியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வரிசையில் நாற்பத்திரண்டு பேர் கருவியோடு நின்றார்கள். நாற்பத்து மூன்றாவதாக நின்ற என்னிடம் பூட்ஸ் அளவு கேட்டார்கள். ஒன்பது என்றேன்.