பின்னாலிருந்து விழும் இனிப்பு

சென்ற் கில்டா, மெல்பேண்
15.11.1976

பெருமதிப்புக்குரிய அண்ணருக்கு,

இங்கு நான், கமலினி, மகன் இந்திரன் மூவரும் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறோம். தை மாதம் நீங்கள் வரும்போது இந்திரன் தமிழில் ஒரு பக்கம் வாசிக்காவிட்டால் அவனை யாழ்ப்பாணம் கூட்டிப் போய்விடுவேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த நாளிலிருந்து கமலினி சரியாகச் சாப்பிடுவதில்லை. அவன் இன்னும் வாசிக்கப் பழகாத குற்றம் என்னுடையதல்ல, பக்கத்து வீட்டு லைசர் ஐயாவுடையது.

அவர் போலந்திலிருந்து வந்த யூதர். சின்னப் பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்துத் தொடக்கும் வாத்தியார், மெலமெட் என்பார்கள். பின்னேரம் நான் அரிச்சுவடியை விரிக்கும் அதே நேரம் அவர் வீட்டில் ஒரு கூட்டம் பிள்ளைகள் ஆடி ஆடி ராகத்தோடு பாடம் சொல்லுதுகள், நம்மவன் 'அ'வை விட்டுவிட்டு அதற்குத் தாளம் போடுகிறான். அங்கே முதல் எழுத்தின்மேல் தேன் தடவி நக்கக் கொடுப்பார்கள் என்று இவனே வந்து சொன்னான், சரியென்று நானும் தடவினேன், நீங்கள் அனுப்பிய புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்காமலே நக்கித் தீர்த்தான், மிச்சத்தை எறும்பு பார்த்துக்கொண்டது. நன்றாக வாசிக்கும் பிள்ளையின் புத்தகத்தில் தேவதூதன் இனிப்புப் போடுவானாம், வாத்தியார்தான் பின்னால் நின்று போடுகிறார், நானும் அப்படியே நின்று போட்டேன், எனக்கோ தடிமன், இருமல் வந்துவிட்டது. "டாடி, ஏஞ்சல் இருமாது" என்று திரும்பியும் பாராமல் சொன்னான். ஒரு தகப்பன் எவ்வளவைத்தான் பொறுப்பான், அண்ணர்?

நேற்று வேலிக்கு மேலால் முறையிட்டேன். மனுசன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் போடுற சத்தத்தில என்ர பிள்ளையள் அ, ஆ எண்டு படிக்குதுகள், தாய்மார் வந்து கேக்கினம், நான் என்ன சொல்லுறது?" என்று தன் இங்கிலிசில் கேட்கிறார். இனி இங்கே இருக்க ஏலாது. தூரத்தில், நோபல் பார்க் பக்கம் வேறு வீடு பார்க்கிறேன். ஆகையால் உங்கள் பயணத்தைப் பங்குனிக்குத் தள்ளிப் போடும்படி தாழ்மையுடன் கேட்கிறேன்.

அண்ணிக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் ஆசி எங்களுக்கு என்றும் வேண்டும்.

உங்கள் தம்பி,
யோகராஜா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும் நேரம், நானும் கமலினியும் குசினியில் அடுப்படியில் நின்றோம். முன்னறையில் இந்திரன் தனியே ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசித்து முடித்தான். திறந்த யன்னலால் புத்தகத்தில் ஓர் இனிப்பு விழுந்தது. அவன் அடுத்த வரிக்குப் போய்விட்டான். எட்டிப் பார்த்தால், வெளியே லைசர் ஐயா இந்த வயதில் கதிரையில் ஏறி நின்றுகொண்டு, வாயில் விரல் வைத்து என்னைப் பேசாதே என்கிறார். வாசித்தது சரியா பிழையா என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், இவ்வளவு காலமும் என் கத்தலைக் கேட்டவர். பக்கம் முழுக்க வாசித்துவிட்டான், அண்ணர். கமலினி அழுகிறாள். நாங்கள் வீடு மாறவில்லை. தை மாதமே வாருங்கள். அவன் வாசிக்கும்போது மட்டும் யன்னல் பக்கம் பார்த்துவிடாதீர்கள்.