இதர செலவு

மூன்றாவது பில்லிலும் ‘இதர செலவு’ ஏறியிருந்ததைப் பார்த்ததும் கத்தரிக்கோலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராணுவக் கொள்முதல் அலுவலகத்தில் செலவைக் கட்டுப்படுத்தும் அதிகாரி அவர். ‘கத்தரிக்கோல்’ என்பது ஊழியர்கள் வைத்த பட்டப்பெயர். அவருக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

எல்லைக் காவலுக்குப் பன்னிரண்டு தண்ணீர் லாரிகளை ஒரு கம்பெனி செய்துதர வேண்டும். ஆகிற செலவு முழுவதும், அதற்கு மேல் நூற்றுக்குப் பத்து லாபமும் கொடுப்பதாக ஒப்பந்தம். அவருடைய ஒரே மகன் அந்த எல்லையில்தான் மலையடியிலிருந்து கேனில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான்.

"லாரி எப்பப்பா வரும்? முதுகு போச்சு" என்றான் போனில்.

"கொள்ளையடிக்கிறானுங்கடா. கேள்வி கேட்காம விடமாட்டேன்."

கேட்டார். இதர செலவு ஏன் ஏறியது என்று ஆறு பிரதிகளில் விளக்கம் கேட்டார். மூட்டை மூட்டையாக வந்தது. அத்தனையும் படிக்க யாருக்குப் பொறுமை? நாலு பக்கம் புரட்டினார், ஐந்து தப்பு கண்டுபிடித்தார், அவற்றுக்கும் விளக்கம் கேட்டார்.

நாலாவது பில்லில் இதர செலவு இரட்டிப்பானது.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?’ என்று சிவப்பு மையில் சீறினார். ஒவ்வோர் ஆணிக்கும் தனித்தனி விளக்கம் வேண்டும். தான் கணக்கை ஒப்புக்கொள்ளும்வரை ஒரு லாரிகூடத் தொழிற்சாலை வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவும் போட்டார். ஐந்தாவது பில்லில் அது இன்னும் ஏறியது.

நேரில் போய்ப் பார்க்கலாமே என்று முதல் பில்லிலிருந்தே மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். பயணச் செலவு வீண் என்று அவர் தட்டிக்கழித்துவந்தார். அன்று மகன் முதுகு பிடித்து மருத்துவமனையில் கிடப்பதாகச் செய்தி வந்தது. அவர் பஸ் ஏறினார். வழியெல்லாம் அந்தக் கம்பெனி முதலாளியை மனத்துக்குள் நார்நாராகக் கிழித்துக்கொண்டே போனார்.

தொழிற்சாலையில் சுத்தியல் சத்தமே இல்லை. பெரிய கூடத்தில் வரிசையாக மேசைகள். நாற்பது பேர் தலை நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். அவருக்கு ரத்தம் கொதித்தது. வாசல் காவலாளியைப் பிடித்து உலுக்கினார்.

"லாரி செய்யற இடமாய்யா இது? லாரி எங்கே?"

காவலாளி நிதானமாகக் கொல்லைப்புறத்தைக் காட்டினார். பன்னிரண்டு லாரிகளும் தூசி படிந்து நின்றன.

"அதெல்லாம் செஞ்சு முடிச்சு ஒரு வருஷமாச்சு சார்; மேலிடத்துல யாரோ கத்தரிக்கோலாம், அந்தாளு கேக்கற கேள்விக்குப் பதில் எழுதத்தான் இந்த நாப்பது பேரும்."